குடும்ப வீடியோ கேம்கள் சிறுபிள்ளை விளையாட்டுகளா?

குடும்ப வீடியோ கேம் என்பது எல்லா வயதினரும் ஒன்றாக அமர்ந்து ஆடுவதற்கு ஏற்ற நிகழ்பட ஆட்டமாகும். கொடூர வன்முறை, இரத்தக் காட்சிகள், பாலியல் உள்ளடக்கம், இழிசொற்கள் ஆகியவை இதில் இடம்பெறுவதில்லை. சூப்பர் மரியோ, போக்கிமான், டெட்ரிஸ், அனிமல் கிராசிங், மைன்கிராஃப்ட் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை.

இத்தகைய ஆட்டங்கள் "சின்னப் பிள்ளைகளுக்கு உரியவை" என்ற எண்ணம் நீண்ட காலமாக இருந்து வருகிறது. இந்த எண்ணத்தால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. பதின்ம வயதை எட்டும் மாணவர்கள், தாம் விரும்பி ஆடிய ஆட்டங்களை நண்பர்களின் கேலிக்கு அஞ்சிக் கைவிடுகிறார்கள். பெற்றோர்களோ, "கார்ட்டூன் போலத்தானே இருக்கிறது" என்று எண்ணி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலே குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதல் விளைவு நல்ல படைப்புகளை இழக்கச் செய்கிறது. இரண்டாவது, சில நேரங்களில் பணத்தையும் இழக்கச் செய்கிறது. எனவே இந்த எண்ணம் எப்படி உருவானது, அதில் எவ்வளவு உண்மை உள்ளது என்று ஆராய்வது பயனுள்ளது.

"சிறுபிள்ளைத்தனம்" என்பதன் பொருள்

ஓர் ஆட்டத்தைச் சிறுபிள்ளைத்தனமானது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நான்கு வெவ்வேறு கருத்துகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

1. தோற்றம்: வண்ணங்கள் பளிச்சென்று இருக்கின்றன, பாத்திரங்கள் பொம்மை போல இருக்கின்றன.
2. உள்ளடக்கம்: இரத்தமோ, கொலையோ, பாலியல் காட்சிகளோ இல்லை.
3. எளிமை: ஆடுவதற்கு அறிவோ திறமையோ பெரிதாகத் தேவையில்லை.
4. ஆழமின்மை: சொல்லப்படும் கதையில் பெரியவர்கள் சிந்திக்க ஒன்றும் இல்லை.

முதல் இரண்டும் குடும்ப ஆட்டங்கள் பலவற்றுக்குப் பொருந்தும். ஆனால் முதல் இரண்டு இருந்தால் மற்ற இரண்டும் தாமாகவே இருக்கும் என்று முடிவு செய்வதுதான் தவறு. சதுரங்கத்தில் இரத்தம் இல்லை. காய்கள் சிறு பொம்மைகள்தாம். 6 வயதுக் குழந்தையும் அதன் விதிகளைக் கற்றுக்கொள்ளலாம். அதனால் அதை யாரும் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவதில்லை. வீடியோ கேமுக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன் வந்தது என்பதற்கு வரலாற்றில்தான் விடை உள்ளது.

இந்த எண்ணம் உருவான வரலாறு

பொம்மைக் கடைக்குள் நுழைந்த கணினி

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வீட்டு வீடியோ கேம் சந்தை பெரும் வீழ்ச்சியைச் சந்தித்தது. தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்து விற்காமல் கிடந்தன. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் வாங்க மறுத்தனர். அதே ஆண்டு சப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற கருவியைத் தன் நாட்டில் வெளியிட்டது. 1889-இல் சீட்டுக்கட்டு தயாரிக்கும் நிறுவனமாகத் தொடங்கப்பட்ட நிண்டெண்டோ, 1985-இல் அக்கருவியை வேறு வடிவத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது.

கடைக்காரர்களின் தயக்கத்தைப் போக்க, அது வீடியோ கேம் கருவி என்பதைவிட ஒரு புதுவகைப் பொம்மை என்றே காட்டப்பட்டது. அதனுடன் ராப் என்ற சிறு இயந்திர மனிதனும் விற்கப்பட்டது. இந்த உத்தி வெற்றி பெற்றது. ஆனால் பொம்மை அடுக்குகளில் இடம்பிடித்த பொருள், பொம்மை என்ற பெயரையும் சேர்த்தே பெற்றது. மேலும், அமெரிக்காவில் வெளியாகும் ஆட்டங்களில் இரத்தம், மதக் குறியீடுகள், மது, புகை ஆகியவை இடம்பெறக்கூடாது என்று நிண்டெண்டோ கண்டிப்பான விதிகளையும் வைத்திருந்தது.

1993: இரத்தமும் வியர்வையும்

1993 செப்டம்பரில் மார்ட்டல் காம்பேட் என்ற சண்டை ஆட்டம் வீட்டுக் கருவிகளுக்கு வெளியானது. நிண்டெண்டோவின் கருவியில் வந்த பதிப்பில் இரத்தம் நீக்கப்பட்டு, சாம்பல் நிற வியர்வைத் துளிகள் காட்டப்பட்டன. போட்டி நிறுவனமான செகாவின் கருவியில் வந்த பதிப்பிலோ, ஒரு இரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் இரத்தம் தோன்றியது. செகா பதிப்பே அதிகம் விற்றது. தன் விளம்பரங்களில் செகா தன்னைப் பதின்ம வயதினரின் கருவியாகவும், நிண்டெண்டோவைத் தம்பி தங்கைகளின் கருவியாகவும் சித்திரித்துக்கொண்டிருந்தது. இரத்தம் இருப்பது "வளர்ந்தவர்களுக்கு", இல்லாதது "குழந்தைகளுக்கு" என்ற பிரிவினை ஒரு தலைமுறையின் மனத்தில் இப்படிப் பதிந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் செனட்டர்கள் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் ஆகியோர் தலைமையில் அமெரிக்க செனட்டில் வீடியோ கேம் வன்முறை பற்றிய விசாரணை நடந்தது. அதன் விளைவாக 1994-இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற வயது மதிப்பீட்டு அமைப்பை ஆட்டத் தொழில்துறையே உருவாக்கியது. அதே ஆண்டில் வந்த மார்ட்டல் காம்பேட் 2, நிண்டெண்டோ கருவியிலும் இரத்தத்துடனேயே வெளியானது.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. இரத்தம் தெறிப்பதைக் காண ஆவலுடன் இருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். "பெரியவர்களுக்கானது" என்ற முத்திரை பெரியவர்களைவிட, பெரியவராகக் காட்டிக்கொள்ள விரும்பிய சிறுவர்களையே அதிகம் கவர்ந்தது.

கார்ட்டூன் வடிவில் வந்த செல்டா

2000-இல் நிண்டெண்டோ தன் புதிய கேம்கியூப் கருவியின் திறனைக் காட்ட, செல்டா தொடரின் நாயகன் லிங்க் வாள்சண்டை போடும் ஒரு காட்சியை வெளியிட்டது. அது நிஜத்தை ஒத்த தோற்றத்தில் இருந்தது. ஆனால் 2001-இல் காட்டப்பட்ட உண்மையான ஆட்டம், பெரிய கண்களும் சிறிய உடலும் கொண்ட கார்ட்டூன் வடிவில் இருந்தது. தி விண்ட் வேக்கர் என்ற அந்த ஆட்டத்தைப் பார்த்து இரசிகர்கள் பலர் கொதித்தனர். ஆடிப் பார்ப்பதற்கு முன்பே அது குழந்தைகளுக்கானது என்று முடிவு செய்யப்பட்டது.

கார்ட்டூன் தோற்றத்தால் அமெரிக்கச் சந்தையில் அது சிறுவர்களுக்கானது என்ற எண்ணம் எழுந்ததாகத் தம்மிடம் கூறப்பட்டது என்றும், அடுத்த ஆட்டத்தின் போக்கு மாற அதுவும் ஒரு காரணம் என்றும் அதன் இயக்குநர் எய்ஜி ஆவுனுமா பின்னாளில் விளக்கியுள்ளார். 2006-இல் வந்த ட்விலைட் பிரின்சஸ் இருண்ட நிறங்களுடனும் நிஜத்தை ஒத்த உருவங்களுடனும் வந்தது.

காலம் இந்தத் தீர்ப்பை மாற்றியது. நிஜத்தைப் போலக் காட்ட முயன்ற அக்கால ஆட்டங்கள் பல இன்று பழையனவாகத் தெரிகின்றன. தி விண்ட் வேக்கரின் ஓவியத் தோற்றம் இன்றும் மங்கவில்லை. 2013-இல் அது மறுபதிப்பாக வந்தபோது வரவேற்பும் கிடைத்தது. நிஜத்தைப் பின்பற்றும் படத்திறன் ஆண்டுதோறும் கருவியுடன் சேர்ந்து பழசாகிவிடும். ஓவியப் பாணி அவ்வாறு கருவியை நம்பியிருப்பதில்லை.

வயது மதிப்பீடு எதை அளக்கிறது?

ஆட்டப் பெட்டியின் மீதுள்ள வயதுக் குறியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐரோப்பாவில் 2003 முதல் இயங்கும் பெகி அமைப்பு 3, 7, 12, 16, 18 என்ற எண்களைப் பயன்படுத்துகிறது. 3 என்ற எண்ணைக் கண்டதும், அது 3 வயதுக் குழந்தைக்காகவே செய்யப்பட்ட ஆட்டம் என்று தோன்றலாம். உண்மையில் அந்த எண், அந்த வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் ஊறு செய்யும் காட்சிகள் அதில் இல்லை என்பதை மட்டுமே குறிக்கிறது. ஆட்டம் எவ்வளவு கடினமானது என்பதைத் தாம் கணக்கில் கொள்வதில்லை என்று அந்த அமைப்பே தெளிவுபடுத்தியுள்ளது. சதுரங்க ஆட்டம் ஒன்று கணினியில் வந்தால் அதற்கும் 3 என்ற குறியே கிடைக்கும்.

அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி. அமைப்பிலும் இதே நிலைதான். அதில் "அனைவருக்கும்" என்ற பிரிவும், "முன்குழந்தைப் பருவம்" என்ற தனிப் பிரிவும் 2018 வரை வெவ்வேறாக இருந்தன. மிகச் சிறு குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்டவற்றுக்குத் தனிப் பிரிவு இருந்ததிலிருந்தே, "அனைவருக்கும்" என்பது குழந்தைகளுக்கு மட்டும் என்று பொருள்படாது என்பது விளங்கும். அனைவரில் பெரியவர்களும் அடக்கம்.

எளிமையானவையா?

குடும்ப ஆட்டங்கள் எளிதானவை என்ற கருத்துக்கு எதிரான சான்றுகள் பல உள்ளன.

சூப்பர் மரியோ: 1985-இல் வெளியான சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆட்டத்தின் தொடர்ச்சி 1986-இல் சப்பானில் வெளிவந்தது. அது மிகக் கடினம் என்று கருதப்பட்டதால் அமெரிக்காவுக்கு அனுப்பப்படவில்லை. அதற்குப் பதிலாக, முற்றிலும் வேறொரு ஆட்டத்தில் மரியோ பாத்திரங்களைச் சேர்த்து 1988-இல் இரண்டாம் பாகம் என்ற பெயரில் அங்கு வெளியிட்டனர். மூல ஆட்டம் 1993-இல்தான் அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது.

டெட்ரிஸ்: 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ், விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம். விதியை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இனி விழப்போகும் கட்டைகளின் வரிசை முழுவதும் முன்கூட்டியே தெரிந்தாலும், அவற்றை மிகச் சிறந்த முறையில் அடுக்கும் வழியைக் கண்டறிவது கணினி அறிவியலில் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று எரிக் டிமெய்ன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002-இல் நிறுவினர். இவ்வகையை என்.பி. முழுமை என்பர். இத்தகைய கணக்குகளை எப்போதும் விரைவாகத் தீர்க்கும் முறை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. பின்னர் 2012-இல், மரியோ, டாங்கி காங், செல்டா, போக்கிமான் போன்ற ஆட்டங்களைப் பொதுமைப்படுத்தினால் அவையும் குறைந்தது இதே அளவு கடினமானவை என்று டிமெய்னும் பிற ஆய்வாளர்களும் காட்டினர். கணிதத்தில் கடினம் என்பதும் மனிதருக்குக் கடினம் என்பதும் ஒன்றல்ல. எனினும், எளிய விதிகளிலிருந்து எவ்வளவு சிக்கல் பிறக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

நிண்டெண்டோவின் பழைய கருவிக்காக 1989-இல் வந்த டெட்ரிஸ் பதிப்பு, மனிதர் எவராலும் முடிவு காண இயலாதது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2023 டிசம்பரில், ஆட்டம் மேற்கொண்டு இயங்க முடியாமல் உறைந்து நிற்கும் நிலைவரை ஒருவர் அதை ஆடிக் காட்டினார். அதற்குமுன் கணினி நிரல் மட்டுமே அந்த நிலையை எட்டியிருந்தது. அதைச் செய்தவர் 13 வயதுச் சிறுவர். குழந்தைகள் ஆடுவது என்றால் எளிதாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்துக்கு இதைவிட வேறு மறுப்பு தேவையில்லை.

போக்கிமான்: 1996-இல் தொடங்கிய இத்தொடரில் இப்போது 18 வகைப் பண்புகள் உள்ளன. ஒவ்வொரு வகையும் மற்ற ஒவ்வொன்றையும் தாக்கும்போது ஏற்படும் விளைவைக் கணக்கிட்டால் 324 இணைகள் வரும். உலகச் சாம்பியன் போட்டிகளில் ஆறு போக்கிமான்களைக் கொண்டு வந்து, எதிராளியின் அணியைப் பார்த்தபின் நான்கைத் தேர்ந்து, இரண்டிரண்டாகக் களமிறக்குவர். போட்டிகள் வயதுப் பிரிவு வாரியாக நடைபெறுகின்றன; பெரியவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. 2014-இல் பெரியவர் பிரிவில் வென்ற தென்கொரிய வீரரின் அணியில் பச்சிரிசு என்ற சிறு அணில் போன்ற போக்கிமான் இருந்தது. அழகுக்காக மட்டுமே வைத்திருப்பது என்று பலர் கருதிய அந்த உயிரியை, எதிராளியின் தாக்குதல்களைத் தன் பக்கம் ஈர்த்துக் கூட்டாளியைக் காக்கும் அரணாக அவர் பயன்படுத்தினார்.

ஆழமற்றவையா?

இரத்தம் காட்டாமலே இழப்பையும் துயரத்தையும் பேசிய ஆட்டங்கள் பல உள்ளன.

மஜோராஸ் மாஸ்க் (2000): செல்டா தொடரைச் சேர்ந்த இந்த ஆட்டம் அமெரிக்காவில் "அனைவருக்கும்" என்ற மதிப்பீட்டைப் பெற்றது. மூன்று நாளில் நிலவு விழுந்து ஊர் அழியப்போகிறது. நாயகன் மீண்டும் மீண்டும் முதல் நாளுக்குத் திரும்பி அதைத் தடுக்க முயல்கிறான். ஊர் மக்களில் சிலர் ஆபத்தே இல்லை என்று சாதிக்கிறார்கள், சிலர் ஓடிவிடுகிறார்கள், சிலர் காத்திருக்கிறார்கள். ஒருவருக்குச் செய்த உதவி, காலம் பின்னோக்கிச் சென்றதும் இல்லாமல் போய்விடுகிறது. எல்லோரையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது என்ற கசப்பை ஆடுபவர் தாமே உணர்கிறார்.

தி விண்ட் வேக்கர் (2002): கார்ட்டூன் என்று ஒதுக்கப்பட்ட இந்த ஆட்டத்தின் மையத்தில் கடலில் மூழ்கிப்போன ஓர் அரசு இருக்கிறது. அதை மீட்க வேண்டும் என்று துடிக்கும் பகைவனுக்கும், அதன் கடைசி மன்னனுக்கும் இடையிலான போராட்டமே கதை. இறுதியில் மன்னன், பழம்பெருமையை மீட்பதைக் கைவிட்டு, இளையோர் தங்களுக்கான புதிய நிலத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்று அரசுடன் தானும் மூழ்குகிறான். முன்னோர் விட்டுச் சென்றதில் எதைச் சுமப்பது, எதை விடுவது என்ற இந்தக் கேள்வி, வயது ஏற ஏற அதிகம் உறுத்துகிற ஒன்று.

செலஸ்ட் (2018): மேடலின் என்ற இளம்பெண் ஒரு மலையேறும் எளிய கதை. அவளுடைய பதற்றமும் மனச்சோர்வும் ஓர் உருவம் பெற்று வழிமறிக்கின்றன. அந்த உருவத்தை அடித்து வீழ்த்துவதால் அவள் உச்சியை அடைவதில்லை; அதனுடன் இணங்கிய பிறகே அடைகிறாள். ஆட்டமும் மிகக் கடினமானது. நூற்றுக்கணக்கான முறை விழுந்து எழ வேண்டியிருக்கும். கதை சொல்வதும் அதையேதான்.

வெண்பா (2023): கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய ஆட்டம். 1980-களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தம்பதியும் அவர்களுடைய மகன் கவினும் இதன் பாத்திரங்கள். தாய் தந்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்தும் பக்கங்கள் கிழிந்தும் இருக்கின்றன. விடுபட்டதை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி போன்றவற்றைச் சமைப்பதே ஆட்டம். இதற்கிடையில் மகன் மெல்ல மெல்ல வீட்டு மொழியிலிருந்தும் உணவிலிருந்தும் விலகிப்போகிறான். ஒரு சண்டைக் காட்சியும் இல்லாத இந்த ஆட்டம், 2024-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும், சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வென்றது. குறிப்பேட்டில் அழிந்த வரியைத் தேடும் புதிரும், குடும்பத்தில் அழிந்துவரும் மொழியும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

எல்லோருக்குமாக வடிவமைப்பதன் சிக்கல்

ஆடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஓர் ஆட்டத்தைச் செய்வது ஒப்பீட்டளவில் எளிது. 7 வயதுச் சிறுமியும் அவளுடைய தாத்தாவும், பல ஆண்டு பயிற்சியுள்ள அண்ணனும் ஒரே ஆட்டத்தில் மகிழ வேண்டும் என்றால் வடிவமைப்பாளரின் வேலை கூடுகிறது.

சூப்பர் மரியோ பிரதர்ஸின் முதல் கட்டம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மரியோ திரையின் இடப்புறம் வலப்பக்கம் பார்த்து நிற்கிறார். எனவே வலப்பக்கம் போக வேண்டும் என்று தெரிகிறது. சிறிது தூரத்தில் ஓர் எதிரி நடந்து வருகிறது. தாண்டவில்லை என்றால் இறக்க நேரிடும், ஆனால் தொடக்கத்திலேயே இருப்பதால் இழப்பு சிறிது. மேலே கேள்விக்குறியிட்ட பெட்டியை முட்டினால் காளான் வருகிறது. அது குழாயில் மோதித் திரும்பி ஆடுபவரை நோக்கியே வருவதால், அது நன்மை தருவது என்பதை விரும்பாமலே கற்றுக்கொள்கிறார். எழுத்து வடிவில் ஒரு விளக்கமும் இல்லை. படிக்கத் தெரியாத குழந்தையும், மொழி தெரியாத பெரியவரும் ஒரே நேரத்தில் கற்கிறார்கள்.

மரியோ கார்ட் பந்தய ஆட்டத்தில் பின்தங்கியவர்களுக்குச் சக்தி மிக்க பொருள்கள் அதிகம் கிடைக்கும்; முன்னால் செல்பவர்களுக்குச் சாதாரணமானவையே கிடைக்கும். இதனால் திறமை வேறுபட்டாலும் போட்டி நீடிக்கிறது. 2009-இல் வந்த நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ ஆட்டத்தில், ஒரு கட்டத்தில் எட்டு முறை தோற்றவருக்கு அக்கட்டத்தை எப்படிக் கடப்பது என்று ஆடிக்காட்டும் வசதி தோன்றும். வேண்டாதவர் அதைத் தொடாமலே தொடரலாம். செலஸ்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உதவி முறை இருக்கிறது. இவற்றால் தேர்ந்த ஆட்டக்காரருக்கு எந்தச் சவாலும் குறைந்துவிடவில்லை. புதியவருக்குக் கதவு திறந்திருக்கிறது.

உண்மையில் ஆடுபவர்கள் யார்?

1989-இல் கேம்பாய் என்ற கைக்கருவியை அமெரிக்காவில் வெளியிட நிண்டெண்டோ ஆயத்தமானபோது, அதனுடன் மரியோவைத் தருவதா டெட்ரிஸைத் தருவதா என்ற கேள்வி எழுந்தது. சிறுவர்கள் மட்டும் வாங்கினால் போதும் என்றால் மரியோவைத் தரலாம், எல்லோரும் வாங்க வேண்டும் என்றால் டெட்ரிஸைத் தர வேண்டும் என்பது ஹென்க் ரோஜர்ஸ் முன்வைத்த வாதம். டெட்ரிஸ் தேர்வு செய்யப்பட்டது. இரயிலிலும் அலுவலக இடைவேளையிலும் பெரியவர்கள் கேம்பாயை ஆடினார்கள்.

2005-இல் சப்பானின் தொஹோகு பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் ரியூதா கவாஷிமாவின் பெயரில் வந்த மூளைப் பயிற்சி ஆட்டம் நடுத்தர வயதினரையும் முதியோரையும் ஈர்த்தது. அது மூளைக்கு எவ்வளவு நன்மை தரும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கேம் கருவியையே தொட்டிராதவர்கள் அதை வாங்கினார்கள். 2006-இல் வந்த வீ கருவி 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் பந்துருட்டு ஆட்டம் முதியோர் இல்லங்களில் போட்டியாக நடத்தப்பட்டது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில் வெளியான அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் 4 கோடிக்கு மேல் விற்றுள்ளது. நேரில் சந்திக்க முடியாத நண்பர்கள் அதன் தீவுகளில் பிறந்தநாளும் திருமணமும் கொண்டாடினார்கள்.

மைன்கிராஃப்ட் 30 கோடிப் பிரதிகளைக் கடந்துவிட்டது. அதன் செங்கல் பொடி போன்ற ரெட்ஸ்டோன் என்ற பொருளைக் கொண்டு, மின்சுற்றுகளைப் போலத் தர்க்க வாயில்களை அமைத்து, இயங்கும் கணிப்பான்களையே மாணவர்கள் கட்டியிருக்கிறார்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2020-இல் இதே ஆட்டத்துக்குள் ஒரு நூலகத்தைத் திறந்து, பல நாடுகளில் தடை செய்யப்பட்ட செய்திக் கட்டுரைகளை அங்கே படிக்க வைத்தது. தணிக்கையாளர்களின் கண்ணில் அது வெறும் குழந்தை விளையாட்டு என்பதே அந்த நூலகத்துக்கு உதவியது.

குற்றச்சாட்டில் உள்ள உண்மை

குடும்ப ஆட்டங்கள் அனைத்தும் சிறந்தவை என்று இதனால் முடிவு செய்துவிடக்கூடாது. புகழ்பெற்ற சிறுவர் திரைப்படத்தின் பெயரை ஒட்டி, அவசரமாகச் செய்து விற்கப்பட்ட ஆட்டங்கள் ஏராளம். குழந்தைக்குத் தரம் தெரியாது, பெற்றோர் ஆடிப் பார்க்கமாட்டார்கள் என்ற துணிவில் அவை செய்யப்பட்டன. "சிறுவர் ஆட்டம்" என்ற பெயர் கெட்டதற்கு இவையும் காரணம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பணம் பறிக்கும் உத்திகள். ஃபிஃபா கால்பந்து ஆட்டம் ஐரோப்பாவில் 3 என்ற வயதுக் குறியுடன் விற்கப்பட்டது. அதில் வன்முறை எதுவும் இல்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத வீரர் பொதிகளைப் பணம் கொடுத்து வாங்கும் வசதி அதில் இருந்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18 உட்பட மூன்று ஆட்டங்களில் உள்ள இத்தகைய பொதிகள் அந்நாட்டின் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று முடிவு செய்தது. 2019 தொடக்கத்தில் அந்நாட்டில் அப்பொதிகளுக்கான பண விற்பனை நிறுத்தப்பட்டது. 2020-இல்தான், பணம் கொடுத்து வாங்கும் பொருள்களில் தற்செயலாகக் கிடைப்பவையும் உள்ளன என்ற எச்சரிக்கைக் குறிப்பை அமெரிக்க, ஐரோப்பிய மதிப்பீட்டு அமைப்புகள் பெட்டியின் மீது சேர்த்தன.

ஆக, "குழந்தைகளுக்கு உரியது" என்ற எண்ணம் இரு பக்கமும் ஏமாற்றுகிறது. ஆழமான ஆட்டத்தை அற்பமாகக் காட்டுகிறது. அபாயமான ஆட்டத்தைத் தீங்கற்றதாகவும் காட்டுகிறது.

முதிர்ச்சி என்றால் என்ன?

ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939-இல் தேவதைக் கதைகள் பற்றி ஆற்றிய உரை ஒன்றில், அக்கதைகள் குழந்தைகளுடன் சேர்க்கப்பட்டது தற்செயலானது என்று வாதிட்டார். பெரியவர்களுக்குப் பிடிக்காமல் போன பழைய மேசை நாற்காலிகளைக் குழந்தைகளின் அறைக்குத் தள்ளுவது போல, பழைமை என்று கருதப்பட்ட கதைகளும் அங்கே தள்ளப்பட்டன என்பது அவர் கருத்து. குடும்ப வீடியோ கேம்களுக்கும் இது பொருந்தும். கடை அடுக்குகளும் விளம்பரப் போட்டிகளும் அவற்றைக் குழந்தைகளின் பக்கம் தள்ளின. அவற்றின் இயல்பு அப்படித் தள்ளவில்லை.

இரத்தமும் இழிசொல்லும் ஒரு கதைக்குத் தேவைப்படலாம். போரையோ வன்கொடுமையையோ உண்மையாகச் சொல்ல விரும்பும் ஆட்டம் அவற்றைத் தவிர்க்க முடியாது. ஆனால் அவை இருப்பதனாலேயே ஓர் ஆட்டம் முதிர்ந்ததாகிவிடாது. செயலுக்கு விளைவு உண்டு என்று காட்டுவதும், எளிதில் விடை கிடைக்காத கேள்வியை எழுப்புவதும், ஆடுபவரின் அறிவை மதிப்பதும்தான் முதிர்ச்சியின் அடையாளங்கள். இவை எந்த வயதுக் குறிக்குள்ளும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஓர் ஆட்டத்தை மதிப்பிட உதவும் கேள்விகள்

பெட்டியின் படத்தையோ வயது எண்ணையோ மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்பது மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் உதவும்.

- பத்து மணி நேரம் ஆடிய பிறகும் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா?
- தோற்றால் காரணம் புரிகிறதா, அல்லது பணம் கொடுத்தால்தான் முன்னேற முடிகிறதா?
- ஆட்டத்தை நிறுத்த ஏற்ற இடங்கள் உள்ளனவா, அல்லது நிறுத்தினால் இழப்பு என்று மிரட்டுகிறதா?
- குழந்தையும் பெரியவரும் ஒன்றாக ஆடினால், இருவருக்கும் மகிழ்ச்சி கிடைக்கிறதா?
- ஆடி முடித்த பிறகு பேசுவதற்கு ஏதேனும் மிஞ்சுகிறதா?

முடிவுரை

குடும்ப வீடியோ கேம்களுக்கு ஏற்பட்ட "சிறுபிள்ளைத்தனம்" என்ற பெயர், 1980-களின் விற்பனை உத்தியிலும் 1990-களின் விளம்பரப் போட்டியிலும் உருவானது. ஆட்டங்களின் கடினத்தையோ கருத்தையோ ஆராய்ந்து வைத்த பெயர் அன்று. அவற்றுள் அற்பமானவை உண்டு, ஏமாற்றுபவையும் உண்டு. தலைமுறை தாண்டி நிற்கும் படைப்புகளும் உண்டு. தமிழர் வீடுகளில் பாட்டியும் பேரனும் எதிரெதிரே அமர்ந்து பல்லாங்குழி ஆடியபோது, அது யாருடைய வயதுக்கு உரியது என்று எவரும் கேட்கவில்லை. யார் நன்றாக எண்ணுகிறார்கள் என்றுதான் பார்த்தார்கள். திரையில் ஆடும் ஆட்டத்துக்கும் அதே அளவுகோல் போதுமானது. 15 வயதில் போக்கிமான் ஆடும் மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர், ஒருமுறை பக்கத்தில் அமர்ந்து ஆடிப் பார்க்கலாம்.